மூணாவது மாடி ஃப்ளாட்டுக்கு ட்ரெட்மில்: எத்தனை எச்.பி., எந்த ப்ளக், கீழ்வீட்டுக்குச் சத்தம்?

அல்சூர்வாசி:
பெங்களூர் அல்சூரில் மூணாவது மாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயசு, 88 கிலோ, சர்க்கரை இருக்கு. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் 72 கிலோ. வாரம் மூணு நாள் அரை மணி நேரம் ஓடுவேன், வேகம் மணிக்கு 9 கி.மீ. இருக்கும். பட்ஜெட் 45,000. ஒரே விலையில் ஒன்றில் 2 எச்.பி. என்றும் இன்னொன்றில் 4 எச்.பி. என்றும் போட்டிருக்கு, எதை நம்புறது? பால்கனியில் வைக்கலாமா? டிவிக்குப் பக்கத்துல இருக்கிற சாதா ப்ளக் போதுமா? கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கு, சத்தம் இறங்குமோ என்று கவலையாக இருக்கு.

கரன்ட்கம்பி:
பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எச்.பி. பெரும்பாலும் பீக், அதாவது சில நொடி மட்டும் தாங்கும் உச்சம். நீங்க கேட்க வேண்டியது கன்டினியுவஸ் எச்.பி. கடையில் நின்றபடியே சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கு. 1 எச்.பி. என்பது 746 வாட். 4 எச்.பி. தொடர்ந்து ஓடணும்னா ஏறக்குறைய 3,000 வாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். அந்த மெஷின் 6 ஆம்ப் ப்ளக்கோடு வந்தால் 1,380 வாட்டுக்கு மேல் இழுக்கவே கூடாது, அது 2 எச்.பி.கூட இல்லை. பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் வாட்ஸைப் படிங்க, விளம்பரத்தை விடுங்க.

உங்க வீட்டில் மோட்டாருக்கு அதிக வேலை கொடுக்கப்போவது அப்பாதான், நீங்க இல்லை. மெதுவாக நடந்தால் மோட்டாருக்குச் சுலபம் என்று தோணும். வீட்டு மெஷின்களில் வழக்கமாக இருக்கும் டி.சி. மோட்டாரில் அப்படி இல்லை. 3 கி.மீ. வேகத்தில் 88 கிலோ ஒவ்வொரு அடிக்கும் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், கரன்ட் ஏறும். மோட்டாரோடு சுற்றும் விசிறியும் அப்போது மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியேறாது. அதனால் கன்டினியுவஸ் 2 எச்.பி.க்குக் குறையாமல், எடை வரம்பு 110 கிலோவுக்கு மேல் பாருங்க. நீங்க ஓடவும் போறதால பெல்ட் குறைந்தது 45 செ.மீ. அகலம், 125 செ.மீ. நீளம் இருக்கணும். 40 செ.மீ. அகலம் நடக்க மட்டும்தான்.

ப்ளக்: டிவி பாயின்ட் வேண்டாம். ஏ.சி.க்குப் போடுற மாதிரி 16 ஆம்ப் பாயின்ட், தனி லைன், 2.5 அல்லது 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, சி-கர்வ் எம்.சி.பி. (கரன்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்; சி-கர்வ் என்றால் மோட்டார் கிளம்பும் கண நேர உச்சத்துக்கு விழாத வகை). எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. மெலிந்த கம்பியில் வோல்டேஜ் விழும், அதே வேலைக்குக் கரன்ட் கூடும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு சூடாகும். எர்த் இருக்கா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்க. பெல்ட் உரசலில் ஸ்டாட்டிக் சேரும், எர்த் இல்லாவிட்டால் கைப்பிடியில் சுளீர் என்று அடிக்கும், டிஸ்ப்ளே உறைந்துபோகும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டாதீங்க. ஜெனரேட்டர் பேக்கப்பில் ஃப்ளாட்டுக்கு 1 கிலோவாட்தான் என்றால் அதிலும் வேண்டாம்.

தூண்_பீம்:
பால்கனி வேண்டாம். தூசியும் சாரலும் போதும், போர்டும் ரோலர் பேரிங்கும் கெட்டுப்போக. வெயில் பட்டால் பெல்ட் ஓரம் சுருளும்.

தளம் தாங்குமா என்று பயப்பட வேண்டாம். கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தின்படி வீட்டு அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ சுமை வைத்துத்தான் டிசைன் செய்வாங்க. 70 கிலோ மெஷின், அதன் மேல் அப்பா 88, இரண்டும் 1.2 சதுர மீட்டரில் நின்றால் சதுர மீட்டருக்கு 130 கிலோ சொச்சம்தான்.

சத்தம் வேறு விஷயம். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையில் இறங்கும். அது காற்றில் போகிற சத்தம் இல்லை, கான்கிரீட் வழியாக இறங்குகிற தொம் தொம். யோகா பாய் மாதிரி மெல்லிய ஃபோம் போட்டால் டைல்ஸ் கீறாது, அவ்வளவுதான். 15–20 மி.மீ. அடர்த்தியான ரப்பர் ஷீட், அதன் மேல் 18 மி.மீ. ப்ளைவுட், அதன் மேல் மெஷின் வைங்க. அறை நடுவில் ஸ்லாப் அதிகமாக அதிரும். தூணும் பீமும் சேருகிற மூலைப் பக்கம் குறைவு. குழந்தை தூங்கும் அறை எது என்று கீழ்வீட்டில் கேட்டுவிட்டு அதற்கு நேர் மேலே வைக்காமல் பாருங்க. நடையை விட ஓட்டம்தான் தொல்லை, அதைப் பகலில் வைத்துக்கோங்க.

மூலை என்றதும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடாதீங்க. பின்னால் 2 மீட்டர், இருபக்கமும் அரை மீட்டர் காலி வேணும். விழுந்தால் ஓடுகிற பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் மாட்டிக்குவார். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயும் கூடாது, பலகையே தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரம்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. ஆயில் போடுவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்றாங்க. தேங்காய் எண்ணெய்கூடப் போதும் என்கிறார் ஒருத்தர்.

பெல்ட்_ரோலர்:
தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாகும், பெல்ட்டின் அடித்துணியைக் கெடுக்கும். 100 சதவீத சிலிக்கான் ஆயில் மட்டும். ப்ளக்கைக் கழற்றி, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, பலகையின் நடுப்பகுதி வரை கை விட்டு இரண்டு பக்கமும் சேர்த்து 15–20 மி.லி. விடுங்க. பிறகு ஆள் ஏறாமல் 3 நிமிஷம், ஏறி 3 நிமிஷம் மெதுவாக ஓட்டினால் பரவும். அளவு, இடைவெளி இரண்டிலும் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. பொதுவாக 40 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. உங்க வீட்டுக் கணக்கு வாரம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஆறு வாரத்துக்கு ஒருமுறை. பெல்ட்டுக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்க. பிசுபிசுப்பு இருந்தால் போட வேண்டாம், அதிகமானால் வழுக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன் என்றால், வீட்டு மெஷின்கள் பாழாவது பெரும்பாலும் இங்கிருந்துதான். பெல்ட் காய்ந்தால் உரசல் கூடும், மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோலர் போர்டு கருகும். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிய எம்.சி.பி. மாற்றாதீங்க, முதலில் பெல்ட்டுக்கு அடியில் தொட்டுப் பாருங்க.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால்: 4 கி.மீ. வேகத்தில் காலியாக ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குதோ அந்தப் பக்கப் பின் போல்ட்டை ஆலன் கீயால் வலச்சுற்றாகக் கால் சுற்று. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. நடுவில் தூக்கினால் பெல்ட் 5–7 செ.மீ. எழணும், அதற்கும் இறுக்கினால் ரோலர் பேரிங் போகும். கால் வைக்கும்போது பெல்ட் தயங்கினால் முன் ரோலரைக் கவனிங்க. பெல்ட் நின்று ரோலர் மட்டும் சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கு. ரோலரும் சேர்ந்து நின்றால் மோட்டார் பக்கம் இருக்கும் சின்ன ட்ரைவ் பெல்ட் வழுக்குது.

தினநடை:
அப்பாவுக்காக இரண்டு வார்த்தை. சர்க்கரை இருப்பவர் வெறுங்காலோடு ஏறவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் உரசிப் புண்ணானதுகூடத் தெரியாது, ஷூவும் பருத்தி சாக்ஸும் கட்டாயம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் நடக்கும்போது சர்க்கரை சட்டென இறங்கலாம், கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். இரண்டு ஓரப் பலகையிலும் கால் வைத்து நின்று, சேஃப்டி கீ (இழுபட்டுக் கழன்றால் மெஷினை நிறுத்தும் சாவி) க்ளிப்பைச் சட்டையில் மாட்டி, 1 கி.மீ. வேகத்தில் பெல்ட் நகர ஆரம்பித்த பிறகு கால் வைக்கச் சொல்லுங்க. முடிந்ததும் கீயைக் கழற்றி உயரத்தில் வைங்க. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் என்ற உடற்பயிற்சி மெஷின் கம்பெனி தன் ட்ரெட் ப்ளஸ் மாடலைத் திரும்பப் பெற்றது, ஒரு குழந்தை அடியில் சிக்கி இறந்த பிறகுதான். உங்க வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் கையில் அந்தக் கீ கிடைக்கக் கூடாது.