பிரேசிலின் முதல் உலக சாம்பியன்: 1958-ஆ, 1934-ஆ?

வலதுவிங்:
பிரேசிலில் பிறந்து கால்பந்து உலகக் கோப்பையை முதலில் வென்றவர் யார் என்றால் எல்லோரும் 1958 அணியைக் காட்டுகிறார்கள். ஃபிலோ அதற்கு 24 வருடம் முன்பே வென்றுவிட்டார். 1905-இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர்; அப்பா போர்த்துகீசியர், அம்மா இத்தாலியர். 1925 தென் அமெரிக்கப் போட்டியில் பிரேசிலுக்கு ஆடினார். 1931-இல் ரோமின் லாசியோ கிளப்புக்குப் போனார், 1934-இல் இத்தாலியோடு கோப்பை. முதல் ஆள் அவர்தான்.

பழையஆட்டம்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை நண்பரே. இத்தாலி அணியில் அவர் பெயர் ஃபிலோ கிடையாது. அம்மாவின் குடும்பப் பெயரோடு அன்ஃபிலோஜினோ குவாரிசி. அந்தத் தொடரில் ஆடியதும் ஒரே ஆட்டம்: மே 27, ரோமில் அமெரிக்காவை 7-1 என்று அடித்தது. அப்புறம் வலது ஓரத்தில் அவர் இடத்துக்குக் குவாய்ட்டா வந்துவிட்டார். அதே மே 27 அன்றுதான் ஜெனோவாவில் பிரேசில் 3-1 என்று ஸ்பெயினிடம் தோற்று வெளியேறியது. அன்றைக்கு இன்னொரு நாட்டின் சட்டையில் ஜெயித்தவரை எப்படி பிரேசில் கணக்கில் எழுதுவது?

வலதுவிங்:
அந்த நாளை நினைத்தால் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் 1930-இல் நடந்ததையும் பாருங்கள். தேர்வுக் குழுவில் இடம் தரவில்லை என்று ரியோவில் இருந்த தேசியக் கால்பந்து நிர்வாகத்தோடு சாவோ பாவ்லோ சங்கத்துக்குச் சண்டை. சாவோ பாவ்லோ ஆட்களில் அரக்கென் பட்டுஸ்கா மட்டும்தான் உலகக் கோப்பைக்கு உருகுவே போனார். சாவோ பாவ்லோவின் கொரிந்தியான்ஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஃபிலோவுக்கு அந்த வாய்ப்பே போச்சு. 1933 வரை பிரேசிலில் கால்பந்து பெயரளவில் அமெச்சூர் வேறு, அதாவது அதிகாரப்பூர்வமாகச் சம்பளம் கிடையாது. லாசியோ கூப்பிட்டதும் போனது தப்பா?

செல்வி:
ஒன்றை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். 1926-இல் இத்தாலி லீகில் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். இத்தாலிய வம்சாவளி என்றால் மட்டும் உள்ளே விடுவார்கள். ஃபிலோவை உள்ளே கொண்டுபோனது அம்மாவின் ரத்தம்தான். அந்த லாசியோவில் அப்படி வந்த பிரேசில்காரர்கள் ஏராளம், 'பிராசிலாசியோ' என்றே பெயர் வந்தது. கொரிந்தியான்ஸின் பழைய நட்சத்திரம் அமில்கார் பார்பூய் அங்கே பயிற்சியாளர்.

பழையஆட்டம்:
சரி, போனது தப்பில்லை. ஆனால் கோப்பை இத்தாலியுடையது. மோன்டி 1930 ஃபைனலில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார், 1934 ஃபைனலில் இத்தாலிக்கு ஆடி ஜெயித்தார். அவரை அர்ஜென்டினாவின் முதல் சாம்பியன்களில் ஒருவர் என்பீர்களா?

வலதுவிங்:
சொல்வேன். மோன்டியை மட்டுமில்லை, அவரைப் போலவே அர்ஜென்டினாவிலிருந்து போய் அந்த இத்தாலி அணியில் இருந்த ஓர்சி, குவாய்ட்டா, டெமரியா மூவரையும் சேர்த்தே சொல்வேன்.