லா மார்ட்டினியர் அஞ்சல்தலை: கட்டடத்தின் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

1995இல் வந்த லா மார்ட்டினியர் கல்லூரி அஞ்சல்தலை கிடைத்தது. லக்னோவில் இருக்கிறது, அதுவரை தெரியும். அரண்மனை மாதிரி இருக்கிறதே, பள்ளிக்கூடத்துக்காகவா இப்படிக் கட்டினார்கள்?

பதில் 1:
இல்லைங்க, அது வீடு. கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டியது. லியோனில் பிறந்து, சிப்பாயாகப் புதுச்சேரிக்கு வந்து, அப்புறம் ஆங்கிலேயக் கம்பெனி பக்கம் தாவி, லக்னோவில் வியாபாரம், கட்டட வேலை என்று பெரும் பணம் சேர்த்தவர். கான்ஸ்டான்ஷியா என்று பெயர் வைத்தார், ஆனால் வேலை முடியும் முன்பே 1800இல் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிலில் பள்ளிக்கு எழுதிவைத்திருந்தும் 1845இல்தான் திறந்தார்கள். அதன் 150ஆம் ஆண்டுக்குத்தான் அந்த அஞ்சல்தலை.

பதில் 2:
அவரைப் புதைத்ததும் அங்கேயே நிலவறையில்தான். கல்லறை இருக்கிற கட்டடத்தை, அப்போது லக்னோவை ஆண்ட நவாப் எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற கணக்காம். ஆள் படு விவரம்!

பதில் 3:
1857 சிப்பாய்க் கிளர்ச்சியை விட்டுவிட்டீர்களே. பள்ளிப் பையன்களை லக்னோவில் ஆங்கிலேயப் பிரதிநிதி இருந்த ரெசிடென்சி வளாகத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், கிளர்ச்சிக்காரர்கள் அதை முற்றுகையிட்டபோது அவர்களும் காவலுக்கு நின்றார்கள், அதனால்தான் பள்ளிக்கே போர் விருது உண்டு. இங்கே பள்ளியில் மார்ட்டினின் கல்லறையைக் கிளர்ச்சிக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். முன்தளத்தில் ஒரு வெண்கலப் பீரங்கி நிற்கும், மார்ட்டினே 1786இல் வார்த்தது. பெயர் 'லார்டு கார்ன்வாலிஸ்'. ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய் திப்புவின் கோட்டையைச் சுட்டது.