நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் ஆறு மணி நேரம் தூங்க வழி உண்டா?

சி_ஷிப்ட்: வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். இப்போது இரவு 10 முதல் காலை 6 வரை. வீடு வந்து குளித்து, டிபன் சாப்பிட்டுப் படுக்க 8 ஆகிவிடுகிறது. 11 மணிக்கே முழிப்பு, அப்புறம் புரளல்தான். மொட்டை மாடிக்குக் கீழே ஒரே அறை, ஏசி கிடையாது. மாத்திரை வேண்டாம்.

இருட்டறை: முதல் எதிரி வெளிச்சம். காலை வெயில் கண்ணில் பட்டாலே தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பது குறையும். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் என்றால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். திரைச்சீலையை நம்பாதீர்கள், கம்பிக்கு மேலே இருக்கும் இடுக்கு வழியாகவே பாதி வெளிச்சம் வந்துவிடும். கெட்டியான கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரமெல்லாம் வெல்க்ரோ ஒட்டுங்கள். கையை நீட்டினால் விரல் தெரியக் கூடாது.

வெயில் நேராக அடிக்கும் ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு வெள்ளைத் துணியும் கட்டுங்கள், சூட்டை அதுதான் தடுக்கும். காற்றுக்கு வெயில் படாத பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். மொட்டை மாடிக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஈரத்துணி தொங்கவிடுவது கடலோர ஊர்களில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

கேன்டீன்_டீ: கடைசி டீ எத்தனை மணிக்கு? காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் குடித்தது 9 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். 2 மணியோடு நிறுத்திவிடுங்கள். 4, 5 மணிக்குத்தான் கண் சொக்கும் என்பது வாஸ்தவம், உடம்புச் சூடு மிகவும் இறங்கும் நேரம் அது. அதற்கு இடைவேளையில் 20 நிமிடத் தூக்கம் போடுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்ததும் தலை கனக்கும். எழுந்த கையோடு மெஷினில் கை வைக்காதீர்கள், பத்து நிமிடம் போகட்டும்.

டிபனுக்கு மூன்று இட்லி போதும். பொங்கல் வடை நெஞ்சைக் கரிக்கும். வெறும் வயிற்றோடு படுத்தாலோ பசியே 11 மணிக்கு எழுப்பிவிடும்.

சி_ஷிப்ட்: கடைசி டீ 4:30. லீவு நாளில் என்ன செய்வது?

ரிலீவர்: ஆறு மணி நேரமும் ஒரே மூச்சில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. 8 முதல் 12 வரை ஒரு தவணை, வேலைக்குக் கிளம்புமுன் மாலை 6 முதல் 8 வரை இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாரக் கடைசியில், கடைசி நைட் முடிந்த காலை 11:30க்கு அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். பகலில் மறுபடி சாயாமல் இருந்தால் இரவு 10க்குத் தூக்கம் தானாக வரும். ஷிப்ட் மாற்றம் ஏ, பி, சி (காலை, மாலை, இரவு) என்ற வரிசையில் இருந்தால் உடம்பு சமாளிக்கும். தலைகீழாகப் போட்டிருந்தால் சூப்பர்வைசரிடம் கேட்டு மாற்றப் பாருங்கள்.

காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர் வரும் நாளில் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தால் போதும்.