அம்ப்ருவாஸ் பாரே: முன்னோடியா, நற்பேறு வாய்த்த நாவிதரா?

செங்குட்டுவன்:
நாவிதராகத் தொழில் தொடங்கிய பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரேயை அறுவை மருத்துவத்தின் தந்தை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1537-இல் இத்தாலியின் துரின் போர்க்களத்தில், துப்பாக்கிக் காயங்களில் ஊற்றுவதற்கான கொதி எண்ணெய் தீர்ந்துபோனதால்தான் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் என்னும் மரப்பிசின் நெய் மூன்றையும் கலந்து பூசினார். கையிருப்பு தீர்ந்ததற்குக் கண்டுபிடிப்பு என்று பெயரா? அதே துரினில், நாய்க்குட்டிகளையும் மண்புழுக்களையும் வேகவைத்துக் காய்ச்சும் ஒரு தைலத்தின் செய்முறைக்காக, உள்ளூர் மருத்துவர் ஒருவரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சுற்றி வந்தவரும் இவரே.

மருதன்:
எண்ணெய் தீர்ந்தது தற்செயல்தான், ஐயா. ஆனால் வெடிமருந்துக் காயம் நஞ்சேறியது, எண்ணெயால் சுடாவிட்டால் சாவு உறுதி என்று இத்தாலிய அறுவை மருத்துவர் ஜொவான்னி த வீகோவின் நூல் சொல்லியிருந்ததால், அன்றிரவு உறக்கமின்றித் தவித்து, விடியுமுன்பே எழுந்துபோய் ஒவ்வொருவராகப் பார்த்தாரே, அது தற்செயல் அன்று. களிம்பு பூசப்பட்டவர்கள் வீக்கமின்றி, வலி குறைந்து, ஓரளவு உறங்கியிருந்தார்கள். கொதி எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் கடும் வலியிலும் கிடந்தார்கள். எண்ணெய்க் கொப்பரையில் விழுந்த சமையற்காரச் சிறுவனுக்கு, கிராமத்து மூதாட்டி ஒருத்தி சொன்னபடி உப்பிட்டு நசுக்கிய வெங்காயத்தைச் சில இடங்களில் மட்டும் வைத்து, மறுநாள் எங்கே கொப்புளம் எழுந்தது, எங்கே எழவில்லை என்று ஒப்பிட்டவரும் இதே பாரேதான். இலத்தீன் அறியாத அவர் 1545-இல் இவற்றைப் பிரெஞ்சிலேயே நூலாக்கினார்.

செங்குட்டுவன்:
வெங்காயத்தை ஏற்கிறேன். ஆனால் உறுப்பைத் துண்டித்தபின் இரத்த நாளங்களைக் கட்டும் முறை? அது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனிடமே உள்ளது. பாரேயே அதை மறைக்கவில்லை. 1561-இல் வெளியான அவருடைய உடற்கூற்று நூலின் படங்களோ அக்கால உடற்கூற்று அறிஞர் வெசாலியசைப் பின்பற்றியவை.

கயல்விழி:
அறுவை அரங்கில் பணியாற்றுபவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டால் பொருக்குத் தட்டும். சில நாளில் அது உதிரும்போது இரத்தம் மீண்டும் பீறிடும். கேலன் காயங்களுக்குச் சொன்னதைத் துண்டித்த காலுக்குக் கொண்டுவந்து, காக்கை அலகு போன்ற இடுக்கியால் நாளத்தை வெளியே இழுத்து நூலால் கட்டியதில்தான் பாரேயின் பங்கு இருக்கிறது. எனினும் செங்குட்டுவன் பக்கமும் நியாயம் உண்டு: இரத்தத்தை நிறுத்த, வெட்டுமிடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டை மட்டுமே அவரிடம் இருந்தது, தொடையில் அது போதாது. 1718-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த இறுக்கியைக் கொண்டுவரும்வரை பலர் இரும்பையே நம்பினார்கள்.

மருதன்:
பாரிஸ் மருத்துவப் புலத்தின் கூர்மலான் நாளத்தை நூலால் கட்டும் இந்த முறையைப் பழித்து எழுதியபோது, பாரே 1585-இல் தந்த பதில், பெரும்பாலும் தாம் சென்ற போர்களின் பட்டியல்: எந்த முற்றுகை, யாருக்கு என்ன காயம், என்ன செய்தேன் என்று.

செங்குட்டுவன்:
அந்தப் பதிலுக்காக அவரை மதிக்கிறேன். உடற்கூற்றியலில் மட்டும் அவரை முன்னோடி என்னாதீர்கள். அந்த இடம் வெசாலியசுடையது.