ஐப்பசி மழையில் வத்தல் பூத்துப்போகிறது, தோட்டத்துக் காயை என்ன செய்வது?

மலைவீட்டுக்காரி:
ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். பீன்ஸ், சௌசௌ, தக்காளி, பச்சை மிளகாய், அரசாணிக்காய் (பரங்கிக்காய்) எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. போன வாரம் இரண்டு கிலோ மிளகாயைக் கீறி மோரில் ஊறவைத்து முறத்தில் பரப்பினேன். காலையில் வெயில் எட்டிப் பார்க்கும், பத்து மணிக்கு மேகம் இறங்கும், மத்தியானம் மழை. மூன்றாம் நாள் காம்பைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்து, அத்தனையும் குப்பைக்குழிக்குப் போயிற்று. யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் பீன்ஸை உப்புத் தண்ணீரோடு கண்ணாடி பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு கொதிக்கவைத்து வருஷம் பூரா அலமாரியில் வைக்கிறார்களே, அதைச் செய்யலாமா? அப்புறம், இந்தக் குளிருக்கு வயிறு நிறைய என்ன சமைக்கிறீர்கள்? தினமும் ரசம் என்றால் வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

அஸ்தம்பட்டி ஆய்வகம்:
பீன்ஸை பாட்டிலில் அடைக்கவே அடைக்காதீங்க. உணவுப் பரிசோதனை என் வேலை, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். புளிப்பில்லாத காய், காற்றுப் புகாத பாட்டில், இரண்டும் சேர்ந்தால் போட்டுலிசம் என்கிற உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம். அதன் ஸ்போர்கள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வடிவம், கொதிநீருக்கு மசியாது, 121 டிகிரி வேண்டும். அவர்கள் அதற்கென்றே உள்ள பிரஷர் கேனர் வைத்திருப்பார்கள், நம் குக்கரின் விசில் கணக்கு அதற்கு ஈடாகாது. அதிலும் நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடாத பாத்திரத்தில் பருப்பு வேகமாட்டேன் என்று அடம்பிடிப்பது இதனால்தான். கெட்டுப்போனது வாசனையில் தெரியும் என்றும் நம்ப முடியாது.

பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே போகிற அளவு புளிப்பு இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளி அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிற ஆள், அதனால் தொக்கில் புளியைத் தாராளமாகக் கரைத்து விட்டுச் சுண்டக் காய்ச்சி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பீன்ஸை இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம்.

வாழப்பாடி அம்மாச்சி:
ஃப்ரீசராம்! மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கிறது தம்பி?

கண்ணு, வத்தல் போடுவது மாசி பங்குனியில். ஐப்பசியில் முறத்தை எடுத்தது உன் தப்பு. மிளகாயைக் காம்போடு கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, கீறி, கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு ஜாடியில் குலுக்கி வை. சாறு மிளகாய்க்கு மேலே நிற்கணும், அது முக்கியம், மேலே துருத்திக்கொண்டிருப்பதுதான் முதலில் பூக்கும். அரசாணிக்காயைக் காம்பு ஒடியாமல் அறுத்து, தரையில் படாமல் உறியிலோ பலகையிலோ வைத்தால் தை வரைக்கும் கவலையில்லை. சௌசௌவைக் கழுவாமல் கூடையில் வை, முளை விட்டால் அப்படியே நட்டுவிடு. செடியில் நிற்கும் பச்சைத் தக்காளியைப் பறித்துப் பேப்பரில் சுற்றிவை, மெதுவாகப் பழுக்கும்.

சாப்பாட்டுக்குக் கொள்ளு இருக்கும்போது என்ன குறை? ராத்திரி ஊறவைத்து, காலையில் மலர வேகவைத்து, தண்ணீரை வடித்துத் தனியே வை. மண்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், இரண்டு பச்சைத் தக்காளி வதக்கி, கொள்ளைக் கொட்டி மத்தால் கடை. முழுக்க மசியக்கூடாது, பல்லில் தட்டுப்படணும். ராகிக் களி கிண்டி, நடுவில் குழி பறித்து, கடைசலை ஊற்றி, நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்துப் பார். வடித்த தண்ணீர் மறுவேளை ரசத்துக்கு. ரசம் என்றே சொல்லாதே, கொள்ளுச் சாறு என்று சொல்லு.

காப்பித்தோட்டம்:
எங்கள் களத்தில் காப்பிப் பழத்துக்கே தார்ப்பாயும் கையுமாக நிற்கிறோம், இதில் மிளகாய் எங்கே காயும்? மோர் மிளகாய் கட்டாயம் வேண்டும் என்றால், வெயில் இல்லாத நாளில் உப்பு மோரோடு ஃப்ரிட்ஜில் கிடக்கட்டும், வெயில் அடிக்கிற அன்றைக்கு வெளியே எடுங்கள்.

மலைவீட்டுக்காரி:
பாட்டில் யோசனையை விட்டுவிட்டேன். மிளகாய் ஜாடிக்குள் போய்விட்டது, மேலே துருத்துவதை அமுக்க ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். களியும் கொள்ளும் நேற்று ராத்திரி செய்தேன், அம்மாச்சி. பெரியவன் இரண்டாவது உருண்டை கேட்டான். சின்னவன் மட்டும் "இது ரசத்துக்கு அண்ணனா" என்று கேட்டுவிட்டு அப்பளத்தோடு எழுந்துபோய்விட்டான்.