குடும்பக் குழுவில் ஒரு கழித்தல் கணக்கு

நான் (வெள்ளி, இரவு 7.42)
அத்தை, சித்தப்பா, உங்கள் இருவரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியரிடமும், நான்கும் ஐந்தும் சேர்ந்து 17 பிள்ளைகள் என்னிடமும் இருக்கிறார்கள். நேற்று 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னேன். ஒன்பது பேர் 35 என்று எழுதினார்கள். கரும்பலகையில் நான்கு முறை செய்து காட்டியபோது எல்லோரும் புரிந்தது என்றார்கள். இன்று 61இலிருந்து 38ஐக் கழிக்கக் கொடுத்தேன். அதே ஒன்பது பேரும் 37 என்று எழுதிவிட்டார்கள். எங்கே தவறுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா (7.58)
ஒன்பது பேரும் ஒரே விடையை எழுதியிருப்பதைக் கவனி. கவனக்குறைவாக இருந்தால் விடைகள் பலவாறாக இருந்திருக்கும். இவர்கள் ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்று கண்டதும், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்து 5 என்று எழுதுகிறார்கள். 61இலும் அப்படியே 8இலிருந்து 1ஐக் கழித்து 7 என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள், அந்த விதிதான் தவறு. 1978ஆம் ஆண்டில் பிரௌன், பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிள்ளைகள் கழித்தலில் செய்யும் பிழைகளில் பல இப்படி ஒழுங்கான தவறு விதிகளால் வருபவை என்று விரிவாகக் காட்டினார்கள். எங்கள் பயிற்சி நிறுவனத்தில் மாணவ ஆசிரியர்களுக்கு நான் முதலில் நடத்துவது இதைத்தான். திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரில் மூவரைத் தனித்தனியாக அழைத்து, கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல். இடையில் திருத்தாதே.

பெரியத்தை (8.20)
தம்பி சொல்வது சரி. நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இருந்தவள். முதல் பத்து ஆண்டுகள் நானும் உன்னைப் போலவே கரும்பலகையில் திரும்பத் திரும்பச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன், அதனால் பயன் இல்லை என்பதை மிகவும் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். பிள்ளைக்கு 52 என்பது ஒரு 5, பக்கத்தில் ஒரு 2, அவ்வளவுதான். அந்த 5 ஐந்து பத்துகள் என்பது அவள் கைக்குத் தெரிய வேண்டும். தென்னை ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் அறுபது குச்சிகளும் ரப்பர் வளையங்களும் கொடு. பத்துப் பத்தாக எண்ணி அவர்களே கட்ட வேண்டும். நீ கட்டி எடுத்துச் செல்லாதே, ஏனென்றால் நாம் கட்டிக் கொடுத்த கட்டு பிள்ளைக்கு ஒரு தடித்த குச்சியாகவே தோன்றும். தான் எண்ணிக் கட்டியதுதான் பத்து.

பிறகு ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிகளும் முன்னால் வைத்து, 27 குச்சிகளை எனக்குக் கொடு என்று கேள். இரண்டு உதிரிகளை எடுத்ததும் தயங்குவார்கள். அந்த இடத்தில் நீ வாய் திறக்கக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை தானாகவே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றும் வரை காத்திரு. அதற்குப் பின் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருக்கின்றன, ஏழு போனால் ஐந்து, இரண்டு கட்டு போனால் இரண்டு, மீதி 25 என்பதை அவர்களே சொல்வார்கள். முதல் இரண்டு நாள் நோட்டைத் திறக்க விடாதே. மூன்றாம் நாள் கட்டுக்கு ஒரு கோடும் உதிரிக்கு ஒரு புள்ளியும் வரையச் சொல். இலக்கங்கள் அதற்கும் அடுத்துத்தான்.

நான் (8.31)
கரும்பலகையில் நான் “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்றுதான் சொல்லிக்கொடுத்தேன் அத்தை. என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள்.

பெரியத்தை (8.36)
அந்தச் சொல்லை விட்டுவிடு, பாப்பா. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? என் வகுப்பில் ஒரு பையன், “டீச்சர், கடனை எப்போது திருப்பிக் கொடுப்போம்?” என்று கேட்டான். கணக்கு முடிந்ததும் வாங்கிய பத்தைத் திரும்பக் கூட்டிவிட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பாடநூலில் இருக்கும் இனமாற்றம் என்ற சொல் சற்றுக் கடினமானது என்றாலும் பொருளில் சரியானது, ஏனென்றால் ஒரு பத்து பத்து ஒன்றுகளாக மாறுகிறது, யாரும் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. வகுப்பில் “கட்டை அவிழ்” என்று சொல். அதுவே போதும்.

அக்கா (8.44)
நானும் ஒன்று கேட்கலாமா அத்தை? மூன்றாம் வகுப்பில் இருக்கும் நம் பையனிடம் நூற்று ஐந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறான். தொண்ணூற்று மூன்று என்றால் சில நாள் 903 என்றுகூட எழுதுகிறான். நான் கோபித்துக்கொண்டேன், இப்போது அது தவறோ என்று தோன்றுகிறது.

பெரியத்தை (8.52)
கோபிக்காதே, அவன் காதில் விழுவதை அப்படியே எழுதுகிறான். நூறு என்று கேட்டதும் 100, ஐந்து என்று கேட்டதும் 5. தொண்ணூறு இன்னும் சிக்கலானது. எண்பது வரை பத்து, பது என்று முடிந்து வந்த பெயர் அங்கே நூறு என்று முடிகிறது; தொள்ளாயிரத்தில் ஆயிரம் வந்துவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடங்களிலும் கூடுதலாக நாள் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் 100 என்று அகலமாகவும், 5 என்று அதன் கடைசிச் சுழியை மட்டும் மறைக்கும் அகலத்திலும் இரண்டு அட்டைகள் வெட்டு. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் 105 தெரியும், விலக்கினால் 100உம் 5உம் தெரியும். 90க்கும் 3க்கும் அதேபோல் செய்.

அப்பா (9.05)
நம் தாத்தாவின் பழைய கணக்குக் குறிப்பில் நூற்று ஐந்தை ௱௫ என்றும் இருபத்தேழை ௨௰௭ என்றும் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் இருந்ததால் அந்த முறையில் சுழியே தேவைப்படவில்லை. பேரன் கேட்டபடி எழுதுவது அந்த முறையோடு ஒத்துப்போகிறது.

சித்தப்பா (9.11)
அண்ணா, இது நல்ல எடுத்துக்காட்டு. ௨௰௭ என்பதில் இரண்டு பத்து, ஏழு என்பது எழுத்திலேயே தெரிகிறது. 27 என்பதில் பத்து கண்ணுக்குத் தெரியாமல் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டி, பத்து எங்கே போனது என்று கேட்கலாம்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்பதையும் பார்த்துக்கொள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, விடையின்றி நிற்பதும் குறைந்தது. மனத்துக்குள் மூன்று வரை எண்ணு. விடையை ஒருவரிடம் கேட்காமல் எல்லோரையும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் சொன்னால், புரிந்தது என்ற தலையாட்டலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நான் (புதன், இரவு 8.15)
மூன்று நாள் நடந்ததைச் சொல்கிறேன். தனியே அழைத்த மூவரும், “சின்னதிலிருந்து பெரியது போகாது டீச்சர், அதனால் திருப்பிக் கழித்தேன்” என்றே சொன்னார்கள். போகாது என்பது நான் சொன்ன சொல் என்பது அப்போதுதான் உறைத்தது. குச்சிகளைக் கொடுத்த முதல் நாள் வளையத்தைக் கழற்ற முதல் பிள்ளைக்கு நெடுநேரம் ஆனது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இன்று சிலேட்டில் பார்த்தபோது ஒன்பது பேரில் ஆறு பேர் சரியாகச் செய்கிறார்கள். இரண்டு பேர் 58 - 27 என்ற கணக்கிலும் கட்டை அவிழ்க்கிறார்கள். ஒரு பெண் குச்சியையே தொடவில்லை. “27க்கு மூன்று போட்டால் 30, அப்புறம் இருபது போட்டால் 50, இன்னும் இரண்டு, மொத்தம் 25” என்றாள். அவளுடைய அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

பெரியத்தை (8.24)
அந்தப் பெண்ணைத் திருத்திவிடாதே! கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும் முறை அது, முற்றிலும் சரியான கழித்தல். நாளை அவளையே கரும்பலகை முன் நிறுத்தி மற்றவர்களுக்குச் சொல்லச் சொல். அந்த இருவருக்கும் இனமாற்றம் வேண்டிய கணக்கையும் வேண்டாத கணக்கையும் கலந்து கொடுத்து, விடை எழுதாமல், “கட்டை அவிழ்க்க வேண்டுமா, வேண்டாமா?” என்று மட்டும் பத்துக் கணக்குகளுக்குச் சொல்ல வை. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து கொடுத்தால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும்.

நான் (8.29)
அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்புக்கு 502 - 137 வருகிறது அத்தை. பத்தின் இடத்தில் சுழி இருப்பதை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது.

பெரியத்தை (8.33)
அதற்கு முன்பாகப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறு கட்டை வகுப்பே சேர்ந்து கட்டட்டும். உதிரி போதவில்லை, பத்துக் கட்டும் இல்லை என்று ஆனதும், நூறு கட்டை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கி, அவற்றில் ஒன்றை அவிழ்த்து உதிரியாக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சுழி 9 ஆவது ஏன் என்று அப்போது நீ விளக்க வேண்டியிருக்காது. ஐந்து நூறு கட்டுகளுக்கு உன் வகுப்பில் குச்சி போதாது. என்னிடம் ஒரு சாக்கு நிறைய நறுக்கிய ஈர்க்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அனுப்பு.

அப்பா (8.35)
காலையிலேயே வந்து எடுத்துக்கொள்கிறேன், அக்கா.