லண்டன் – டோக்கியோ விமான நேரக் கணக்கு 3 மணி நேரம் குறைகிறது, எப்படிச் சரிசெய்வது?

இரண்டு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும்படி எக்செல்லில் ஒரு கணக்கு போட்டிருக்கிறேன். ஹாவர்சைன் சூத்திரம் (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தைத் தருவது), பூமியின் ஆரம் 6,371 கி.மீ., வேகம் மணிக்கு 900 கி.மீ., ஏற இறங்க அரை மணி நேரம் கூடுதல்.

நியூயார்க் – லண்டன் சுமார் 5,550 கி.மீ., அதற்கு விடை ஓரளவு பொருந்துகிறது, மேற்கு நோக்கித் திரும்பும்போது எதிர்க்காற்றால் ஆகும் கூடுதல் நேரத்தைத் தனியாகச் சேர்த்துவிட்டேன். ஆனால் லண்டன் – டோக்கியோ 9,600 கி.மீ., கணக்கில் 11 மணி சொச்சம் வருகிறது, கால அட்டவணையிலோ ஏறக்குறைய 14 மணி நேரம்.

நேர மண்டலத்தைச் சரிபார்த்தாயிற்று, அதில் பிழை இல்லை. பூமியை உருண்டையாக எடுக்காமல் டபிள்யூஜிஎஸ் 84 (துருவங்களில் சற்றே தட்டையான பூமி மாதிரி) வைத்தும் போட்டேன், அரை சதவீதம்கூட மாறவில்லை. வேகத்தைக் குறைத்தால் நியூயார்க் கணக்கு கெட்டுப்போகிறது.

காரணம் புரிகிறது. 2022 முதல் இந்த விமானங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன, அதனால் போகும்போது மத்திய ஆசியா வழியாகவும் திரும்பும்போது பெரும்பாலும் அலாஸ்கா பக்கமாகவும் சுற்றுகின்றன. இஸ்தான்புல், அல்மாட்டியை இடைப்புள்ளிகளாகக் கையால் போட்டுப் பார்த்தேன், சுமார் 11,750 கி.மீ., பதிமூன்றரை மணி, கிட்டத்தட்ட சரி! ஆனால் ஹெல்சின்கி – டோக்கியோவுக்கு இதே புள்ளிகள் போதாது, அங்கே வடதுருவம் வழியாகவும் போகிறார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூடிய வான்வெளியைத் தவிர்த்து மிகக் குறுகிய பாதையைத் தானாகக் கண்டுபிடிக்க, எக்செல்லிலோ பைத்தானிலோ என்ன வழிமுறையைப் பயன்படுத்தலாம்?